உண்மை பேசுவதன் முக்கியத்துவத்தை விளக்குவர்

இதை எனக்கு முதலில் சொன்னது எமீமாள் டீச்சரேதான். போன வருஷம் குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, கோயில் சைக்கிள் கொட்டகைப் பக்கம் என்னைத் தனியாக நிறுத்தி வைத்துச் சொன்னாள். கையிலிருந்த ஓலையைச் சிலுவையாக மடக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கடைசி வரைக்கும் அது சிலுவையாகவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். அவள் சொன்னதில் பாதி வார்த்தை எனக்குப் புதிது. ஆனாலும் பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, இன்றைக்கும் ஒவ்வொரு பேராகச் சொல்லி முழங்காலில் நிற்கிறவளுக்கு, ஒரு தாயின் மனசு ஒரு மத்தியானம் பூராவும் எங்கெங்கே போய் எங்கே வந்து முட்டும் என்று தெரியாமலா போகும்? எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்து ஓய்ந்துவிட்டது. புறவழிச்சாலை ஓரத்து மகளிர் கல்லூரியில், தமிழ்த்துறை அறைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் எமீமாள் உட்கார்ந்திருந்தாள். செய்ய வேண்டியது இரண்டு காரியம். விழுமியக் கல்வி என்று ஒரு பாடம், தமிழ் டீச்சர் என்பதால் அவள் தலையில் கட்டியது; அதற்கு அடுத்த வருஷத்துக்கான கற்றல் விளைவுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கிற பிள்ளைகளின் மனப்பான்மை எப்படி ஆகியிருக்கும் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். மற்றது, இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு மனப்பான்மை என்ற கட்டத்தில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்துப் போட வேண்டும். எல்லோருக்கும் போட்டாயிற்று, ஏ. வழக்கமே அதுதான். மனப்பான்மையில் யாருக்கு யார் குறைத்துப் போடுவார்கள்? ஒரே ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக நின்றது. இசக்கிவடிவு, பொருளியல், இரண்டாம் ஆண்டு. கடைசி மணி அடித்ததும் கட்டங்கள் மூடிக்கொள்ளும். வெள்ளையாக விட்டதைக் கம்ப்யூட்டரே சி என்று எடுத்துக்கொள்ளும். சி வாங்கின பிள்ளைக்கு மூன்றாம் வருஷம் ஹாஸ்டலில் இடம் இல்லை, அது இந்த வருஷம் போட்ட புதுச் சட்டம். ஹாஸ்டல் இல்லையென்றால் வடிவுக்குப் படிப்பு இல்லை. அவள் ஊர் உப்பளத்துக்கு அப்பால். அங்கிருந்து காலையில் கிளம்பி மணி அடிப்பதற்குள் வந்து சேர பஸ் கிடையாது. அண்ணன்காரன், ஹாஸ்டல் என்பதற்காகத்தான் விட்டிருக்கிறான். இவ்வளவும் எமீமாளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் விளைவை எழுதிவிடுவோம், கை ஓட ஆரம்பித்துவிட்டால் அதே ஓட்டத்தில் வடிவின் கட்டத்தையும் நிரப்பிவிடலாம் என்று நினைத்தாள். தலைக்கு மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது, சுகமில்லாத மனுஷர் திரும்பிப் படுக்கிற மாதிரி, வீட்டில் அவர் அப்படித்தான் முனகுவார், மாத்திரை எடுத்தாரோ என்னவோ, போன் பண்ணிக் கேட்டால் எடுத்துவிட்டேன் என்பார், எடுத்திருக்க மாட்டார், அது பொய்யா, அவள் கவலைப்படக் கூடாது என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும், சரி, விளைவு, விளைவை எழுது. போன வாரமே எழுதித்தான் கொடுத்திருந்தாள். மாணவிகள் உண்மை பேசுவர். பிறர் துயரில் இரக்கம் கொள்வர். சிவப்பு மையில் அடித்துத் திரும்பி வந்துவிட்டது. இதையெல்லாம் சரிபார்க்கிற கல்லூரித் தரக்குழுவுக்குத் தலைவி கணக்கு டீச்சர் சுபத்ரா, எமீமாளைவிடச் சின்னவள், கூட்டத்தில் மேடம் என்பாள், ஏதாவது ஆக வேண்டுமென்றால் அக்கா என்பாள். அன்றைக்கு அக்கா என்றுதான் ஆரம்பித்தாள். "அக்கா, உண்மை பேசுவர்னு எழுதிருக்கீங்க. பேசினாளா பேசலையான்னு யாருக்கா பின்னாடியே போய்ப் பாக்குறது? அளக்க முடியாததை எழுதக் கூடாது. உண்மை பேசுவதன் முக்கியத்துவத்தை விளக்குவர்னு போடுங்க. விளக்கினா பேப்பர்ல இருக்கும், மார்க் போடலாம்." இரக்கம் கொள்வர் என்பதையும் அடித்து, இரக்கச் செயல்களைப் பட்டியலிடுவர் என்று தானே எழுதியிருந்தாள். பட்டியலிடுவர். பலசரக்குக் கடைக்குப் போகிறதற்கு முன்னால் எழுதுகிற மாதிரி. உளுந்து, கடுகு, இரக்கம், வெந்தயம். எமீமாள் சிரிக்கப் பார்த்தாள், அறையில் கூடச் சிரிக்க ஆளில்லை. எழுதினாள். விளக்குவர். எழுதிவிட்டுப் பார்த்தால் தப்பில்லாமல்தான் இருந்தது. அவள் மகன் யோவேல் நன்றாக விளக்குவான். கோயில் ஓய்வுநாள் பள்ளியில் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கினவன். வெள்ளை வேட்டி கட்டி, கையை நீட்டி, கீழே உட்கார்ந்திருந்த இவளைக் காட்டிக் காட்டிப் பேசினான், சபையே கண்ணைத் துடைத்தது. இப்போது பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ போட்டால் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான், இவள் அவன் வீட்டு முகட்டைத்தான் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். வெள்ளை முகடு, ஓரத்தில் ஒரு விளக்கு. அந்த முகட்டிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அவனைப் பெறும்போது யாராவது வந்து, இந்தப் பிள்ளை வளர்ந்து முடிகிறபோது எப்படி இருக்கும், எழுதிக் கொடு என்று கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுவான். அளக்க முடியுமே அதை. முகம் தெரிகிறதா, முகடு தெரிகிறதா, அவ்வளவுதானே. ச்சே, பாவம், பிள்ளைக்கு என்ன வேலையோ. ஆண்டவரே, அவனைக் குறை சொல்ல வைக்காதேயும். இங்கே கேட்டது அவனைப் பற்றி இல்லை.

அந்த அசைன்மென்டைக் கொடுத்திராவிட்டால் ஒன்றுமே இல்லை. ஜனவரியிலோ என்னவோ, உண்மைக்குச் சான்று வேண்டும் சான்று வேண்டும் என்று சுபத்ரா பிடுங்கியபோது, சரி, அளந்துதான் பார்ப்போமே என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். "ஏ பிள்ளைகளா, இந்த மாசத்துக்குள்ள எல்லாரும் ஒரு உண்மை சொல்லணும். சொல்லுறதுக்குக் கஷ்டமான உண்மையா இருக்கணும். சொல்லிட்டு, என்ன நடந்துச்சுன்னு அரைப் பக்கம் எழுதிக் கொண்டு வாங்க." பெருமையாகக்கூட இருந்தது அன்றைக்கு. வீட்டில் வந்து மகள் ஷேபாவிடம் சொன்னாள். ஷேபா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அம்மா, நீ ஏன் இதெல்லாம் பண்ணுத?" என்றாள். அரைப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. எல்லா வீட்டிலும் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தது. எல்லாப் பிள்ளையும் போய் அப்பாவிடம் நான்தான் உடைத்தேன் என்று சொல்லியிருந்தது. எல்லா அப்பாவும் அடிக்காமல், நீ உண்மை சொன்னதே போதும் என்று தட்டிக்கொடுத்திருந்தார். எவள் முதலில் எழுதினாளோ, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ஒருத்தி மட்டும் டம்ளரைப் பூச்சாடி ஆக்கியிருந்தாள். உண்மை சொன்னதைப் பற்றி வகுப்பு முழுக்கப் பொய் எழுதிக் கொடுத்திருந்தது. எமீமாள் வாசித்தாள், தெரிந்தது, ஏ போட்டாள். என்ன செய்ய? சான்று இருக்கிறதே. வடிவு மட்டும் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "இன்னும் சொல்லல மேடம். எங்கிட்ட அப்படி ஒண்ணும் இல்ல. வந்தா சொல்லுதேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. எவளோ ஒருத்தி, "ஒரு டம்ளரை உடைட்டி" என்றாள். எமீமாளும் சிரித்தாள்.

அப்புறம் கல்லூரிக்குத் தரம் போடுகிற ஆய்வுக்குழு வந்தது. வருகிறதற்கு முந்தின நாள் ஒரு லாரியில் பூந்தொட்டிகள் வந்து இறங்கின, நர்சரியில் வாடகைக்கு எடுத்தது. இன்னொரு வண்டியில் தண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மெஷின் வந்தது, அதுவும் வாடகைதான், வராந்தாவில் நிறுத்தி நெற்றியில் நீல ரிப்பன் கட்டினார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று சுபத்ரா பழக்கினாள். நல்ல பிள்ளைகள், அழகாகச் சொன்னார்கள். மறுநாள், குழுவில் வந்த பெரியவர் ஒருவர், தலை முழுக்க நரை, நடக்கச் சிரமப்பட்டவர், யாரும் பழக்காத ஒன்றைச் செய்தார். வராந்தாவில் நின்றுகொண்டிருந்த வடிவைப் பார்த்து, தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் பிடித்துத் தருகிறாயா அம்மா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மெஷின் பக்கத்தில் டம்ளர்கூட இருந்தது. முதல்வர் மேடம் நின்றார்கள், சுபத்ரா நின்றாள், எமீமாள் நின்றாள். வடிவு டம்ளரை எடுக்கவே இல்லை. "சார், இதுல தண்ணி வராது சார். நேத்துதான் கொண்டாந்து வச்சாங்க. குழாயே மாட்டல. நாங்க குடிக்கிறது பின்னாடி போர் தண்ணி, உப்பா இருக்கும். உங்களுக்கு வயித்துக்குச் சேராது. என் பாட்டில்ல ஹாஸ்டல்ல காய்ச்சின தண்ணி இருக்கு, தரட்டா?" என்று சொல்லி, பாட்டிலைத் துடைத்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, மெஷினைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். முதல்வர் மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, கரண்ட் போனதும் நின்றுபோகிற மாதிரி. எமீமாளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது? இப்போது உட்கார்ந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளை என்று தோன்றவில்லை. இவள் என் வகுப்புப் பிள்ளை என்பது யாருக்கெல்லாம் ஞாபகம் வரும் என்றுதான் தோன்றியது.

அன்று சாயங்காலமே வடிவு இந்த அறை வாசலில் வந்து நின்றாள். "மேடம், அந்த அசைன்மென்ட் எழுதிக் குடுக்கல. ஆனா செஞ்சிட்டேன்." சிரித்த முகம். பாராட்டுக்கு நின்ற முகம்கூட இல்லை, கடனைக் கொடுத்துவிட்டு நிற்பவள் முகம். எமீமாள் என்ன சொன்னாள்? சரி போ, பாப்போம் என்றாள். சரி போ, பாப்போம். இந்த மூன்று வார்த்தையில் வந்து மனசு மாட்டிக்கொண்டது, சேலை முந்தானை ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும், நின்றால் நகர முடியாது. உட்காரட்டி என்று சொல்லியிருக்கலாம். நல்லது செஞ்ச மக்கா என்று தோளைத் தொட்டிருக்கலாம், அறையில் அன்றைக்கும் ஆளில்லை. அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துட்டுப் போ என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், எழுதிக் கொடுத்திருப்பாள், சான்று இருந்திருக்கும், இன்றைக்கு இந்த வெள்ளைக் கட்டம் இல்லை. ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டதா? மறக்கவில்லை. அந்த அரைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்று பயந்தாள். மெஷின், ரிப்பன், யார் யார் நின்றார்கள், எல்லாம் எழுதியிருப்பாள் அந்தப் பிள்ளை, எமீமாள் மேடமும் நின்றார்கள் என்று எழுதியிருப்பாள்.

கதவு தட்டாமல் சுபத்ரா உள்ளே வந்தாள். அவளுக்கே உள்ள அந்தச் செருப்புச் சத்தம். "சாப்டாச்சாக்கா? என்ன குழம்பு?" என்றாள். "புளிக்குழம்பு" என்றாள் எமீமாள். சுபத்ரா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "விளைவு எல்லாம் சூப்பரா வந்துருக்கே. நீங்க எழுதினா தனிக்கா. நிறுவனத்தின் நற்பெயரைப் போற்றுவர்னு கடைசில ஒண்ணு சேத்துருங்க." எமீமாள் சேர்த்தாள். சுபத்ராவின் கண் கீழே இறங்கி, வெள்ளைக் கட்டத்தில் நின்றது. "இது இன்னும் போடலியா?" "போடணும்." "அவ அசைன்மென்டே குடுக்கலன்னு கேள்விப்பட்டேன். சான்று இல்லாம நீங்க ஏ போட்டா, நாளைக்கு உங்களைத்தான் கேப்பாங்க. உங்க நல்லதுக்குச் சொல்லுறேன்." சொல்லிவிட்டு, புளிக்குழம்பு வாசனை நல்லாருக்கு என்றாள். எழுந்து, கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "ஷேபா விஷயம் நல்லபடியாப் போய்க்கிட்டிருக்குக்கா. ஜூன்ல நம்ம காலேஜ்லயே போஸ்டிங் போடுவாங்க. தாளாளர் சார் பேரைச் சொல்லியே கேட்டாரு, நம்ம எமீமாள் பொண்ணுதானேன்னு." அவள் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், வேலையே வேண்டாம் போடி என்று சொல்லியிருக்கலாம், இதையெல்லாம் எமீமாள் மனசுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுபத்ரா சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அறையில் புளி வாசனை மட்டும் நின்றது.

ஷேபா. காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றபடியே சொன்னாள், "அம்மா, இந்த ஒரு வாட்டி மட்டும் நீ எதுவும் பேசாம இரேன்." படித்துப் படித்து, நேர்காணலுக்குப் போய்ப் போய், வீட்டுக்கு வந்து வாசல் செருப்பை நேராக வைக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிற பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பொண்ணு என்ன செய்யுது என்று கேட்பார்கள், வீட்டில்தான் இருக்கா என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது வீட்டுக்காரர் காற்றாடியைப் பார்ப்பார். ஆண்டவரே, நான் எனக்காகவா கேட்கிறேன். என் பிள்ளைக்காகத்தானே. இதுவும் ஒரு தாய் பெற்றது, வடிவும் ஒரு தாய் பெற்றது, அந்தத் தாய் உப்பளத்தில் நிற்கிறாள், கால் வெடித்து, உப்பு ஏறி, ஒருமுறை ஹாஸ்டலுக்கு வந்தபோது பார்த்தாளே, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வருவேன் என்று நின்றாள், "எம் மவ நல்லாப் படிக்காளா டீச்சர்? அவ வாயி கொஞ்சம் நீளம், நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள். பாத்துக்கிடுதேன் என்று எமீமாள் சொன்னாள். சொல்கிறதுதானே எல்லோரும். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது கண்டக்டரிடம்கூடச் சொல்கிறோம், பாத்துக்கோங்க என்று. மனசு ஷேபாவிடம் ஓடி, அங்கிருந்து உப்பளத்துக்கு ஓடி, காலைப் பார்த்துவிட்டு மறுபடி ஷேபாவிடம் வந்து நின்றது. செக்கு மாடு மாதிரி. மாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருக்கும். சரி, ஒன்று செய்வோம் என்று எண்ணினாள். அந்தப் பிள்ளை வந்து கேட்கட்டும். மேடம், எனக்கு ஏன் இன்னும் போடல என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், அந்த நிமிஷமே ஏ போட்டுவிடுகிறேன், இது பொருத்தனை. நீர் அவளை அனுப்பும் ஆண்டவரே, அனுப்பினால் உம்முடைய சித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்படி ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறந்து, வராந்தாவைப் பார்த்தாள்.

வடிவு வந்தாள். நிஜமாகவே வந்தாள். கையில் அதே பாட்டில். வராந்தாவில் மெஷின் நின்ற இடம் இப்போது காலி, தரையில் சதுரமாக ஒரு வெளுத்த அடையாளம் மட்டும் இருந்தது, அதைச் சுற்றிக் காலடி அழுக்கு. அவள் அந்தச் சதுரத்தைத் தாண்டி ஒரு குதி குதித்து, பாண்டி விளையாடுகிற மாதிரி, ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கேளு. கேட்டுவிடு. "மேடம், சாப்டாச்சா? முகம் வாடி இருக்கு?" என்றாள் வடிவு. "சாப்டாச்சு. நீ?" "ஆச்சு மேடம். இன்னைக்கு ஹாஸ்டல்ல சாம்பாரு தண்ணி மாதிரி. உண்மையச் சொல்லிறலாம்னு பாத்தேன், சமையல் அக்கா அடிச்சிருவாங்க." சிரித்தாள். பின்னல் நுனியில் நீல ரிப்பன் கட்டியிருந்தாள். மெஷின் நெற்றியில் இருந்ததேதான். கழற்றிப் போட்டதை எடுத்து, துவைத்துக் கட்டியிருக்கிறாள். எமீமாள் வாயைத் திறந்தாள். உள்ளே வா மக்கா, ஒரு பேப்பரை எடு, அரைப் பக்கம் எழுது. இதுதான் சொல்ல வந்தது. "வெயில்ல நிக்காத, போ" என்றாள். "வாரேன் மேடம்." போய்விட்டாள். கேட்கவில்லையே, அவள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், அவளுக்கு என்ன தெரியும்? கட்டம் இருப்பது தெரியாது, சட்டம் தெரியாது, மணி தெரியாது. தெரியாதவள் கேட்கவில்லை என்று ஆண்டவர்மேல் பழியைப் போடப் பார்த்தோமே என்று நினைத்ததும் முகம் கொதித்தது. ஆனால் முகம் கொதிக்கிற நேரத்திலேயே மனசின் இன்னொரு மூலையில் ஒரு சின்ன நிம்மதியும் வந்து உட்கார்ந்தது. கேட்கவில்லை. அந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அதை என்னிடம் சொல்லும்போது ஓலையை ரொம்ப இறுக்கமாக மடக்கினாள்.

திரும்பி உட்கார்ந்து ஏ போட்டாள். போட்டேவிட்டாள், நம்புங்கள். வெள்ளைக் கட்டத்தில் அந்த எழுத்து கறுப்பாக, கால் அகட்டி நின்றது. அதைப் பதிவு செய்யக் கீழே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முன்னால் விளைவுகளை இன்னொருமுறை பார்த்துவிடுவோம், இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று மேலே போனாள். மனப்பான்மையில் மாற்றம் பெறுவர். சரியில்லை, பெறுவரா, வெளிப்படுத்துவரா? வெளிப்படுத்துவர்தான் தரக்குழுவுக்குப் பிடிக்கும். பிள்ளைகளின் மனசு ஒரு பாத்திரம் மாதிரி, இதைப் போட்டால் இது வெளியே வரும் என்று எழுதுகிறோமே, எமீமாளுக்குள் எத்தனை பிரசங்கம் போயிருக்கிறது, எத்தனை உபவாசம், எத்தனை குருத்தோலை ஞாயிறு, அவளை இன்றைக்கு அளந்தால் என்ன வரும்? விளக்குவாள். நன்றாக விளக்குவாள். கீழே வந்து ஏ-யை அழித்தாள். பி போட்டால் என்ன? போட்டாள். பி போட்டால் இரண்டு பக்கமும் கோபம் வராது. ஆனால் பி-க்கும் சான்று கேட்பார்கள். அழித்தாள். ஷேபாவைக் கூப்பிட்டுக் கேட்போமா என்று போனை எடுத்தாள், என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் வைத்தாள். யோவேலைக் கேட்கலாம், முகடுதான் பதில் சொல்லும். முதல்வர் மேடத்திடமே நேரே போய், மேடம், அந்தப் பிள்ளைக்கு நான் ஏ போடுகிறேன், அவள் ஒருத்திதான் இந்தப் பாடத்தைப் படித்தவள் என்று சொன்னால்? சொன்னால் என்ன, கழுத்தையா வெட்டுவார்கள்? எழுந்தேவிட்டாள். நாற்காலி பின்னால் இடித்தது. முதல்வர் அறைக்குப் போகிற வழியில் அந்தச் சதுரத்தைத் தாண்ட வேண்டும் என்று ஏனோ தோன்றியது. தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், புளி வாசனை அடித்தது. ஒரு வாய் குடித்தாள். நேரம் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது, அவசரத்தில் எதையும் செய்யக் கூடாது, நிதானமாக, ஜெபத்தோடு, யோசித்து, யோசித்துத்தான் செய்ய வேண்டும், ஒரு பிள்ளையின் வாழ்க்கை, இல்லை இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை, யோசிக்காமல் எப்படி, என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். காற்றாடி முனகியது.

மணி அடித்தது. முதல் அடியில் அவளுக்கு உறைக்கவில்லை. வராந்தாவில் பிள்ளைகள் கூட்டமாக இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தன. வெள்ளை இல்லை. வடிவின் பேருக்கு எதிரே சி என்று இருந்தது, வேறு யாரோ முன்னமே எழுதி வைத்த மாதிரி, நேர்த்தியாக. பொத்தானை அழுத்திப் பார்த்தாள், அழுந்தவில்லை. மறுபடி அழுத்தினாள். போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சுபத்ரா. தேங்க்ஸ்க்கா, கும்பிடுகிற கைப் படம் ஒன்று.

"நான் போடலக்கா. அதுவா விழுந்துச்சு" என்றாள் எமீமாள் என்னிடம். சைக்கிள் கொட்டகையில் அப்போது ஒரு சைக்கிளும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணலாமா என்று கேட்டேன். வேண்டாம்க்கா, ஏற்கெனவே பண்ணிட்டேன் என்றாள். அப்படி ஒருத்தி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜூனில் ஷேபாவுக்கு வேலை கிடைத்தது. லட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தது, நானும் சாப்பிட்டேன், நல்ல நெய். புதிதாக வந்தவள் என்பதால் விழுமியக் கல்வியை அவள் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். தாயார் எழுதிவைத்த விளைவுகளைப் போர்டில் எழுதிப்போட்டு நடத்துகிறாளாம். நல்ல டீச்சர் என்று பேர். எமீமாள் ஆராதனைக்கு வருகிறாள், பாடுகிறாள், முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணைக்கு மட்டும் எழுந்து போவதில்லை, முழங்கால் வலி என்று சொல்கிறாள். வடிவு ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போகிறபோது தமிழ்த்துறைக்கு வந்து, வாரேன் மேடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அப்போதும் கேட்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறாள் என்று சரியாகத் தெரியவில்லை. கடைகளில் வேலை கேட்டு அலைகிறாள், மனப்பான்மை சி என்று போட்ட கல்லூரிச் சான்றிதழைப் பார்த்ததும் பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்வி. உங்களிடம் கடை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் ஆபீஸ் இருக்கிறது. இசக்கிவடிவு என்று ஒரு பிள்ளை வந்தால், மனப்பான்மைக்கு எதிரே என்ன எழுத்து இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.